அப்பாவுக்கு ஓட்ஸ் பொடி

ஜனவரி 18, ஞாயிறு

இந்த நோட்டில் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பயந்தால் பயந்தேன் என்று எழுதுவேன். பொய் சொன்னால் அதையும் எழுதுவேன். எட்டாம் வகுப்புக் கட்டுரைப் போட்டியில் பரிசாகக் கிடைத்த நோட்டு இது. எதை எழுதுவது என்று தெரியாமல் ஒரு வருடமாகச் சும்மா வைத்திருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

என் பெயர் சங்கரகோமதி. ஒன்பதாம் வகுப்பு. ஊர் சங்கரன்கோவில். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். அவருக்கு வலது கன்னத்தின் உள்ளே புற்றுநோய். நாளை முதல் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கப்போகிறார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. மொத்தம் முப்பத்துமூன்று நாள். சனி, ஞாயிறு கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தர்ம விடுதியில் தங்குகிறார்கள். எனக்குத் துணையாக மாரிச்செல்விச் சித்தி வந்திருக்கிறாள். அவள் அம்மாவின் தங்கை, தறிக்கூடத்தில் வேலை.

ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். அப்பாவின் முகத்துக்கென்றே வலைபோல ஒரு மாஸ்க் செய்திருக்கிறார்கள். வெந்நீரில் இளக்கி முகத்தில் வைத்து அழுத்தினால், ஆறியதும் அந்த முகமாகவே இறுகிவிடுமாம். கரண்ட் வைக்கும்போது அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள். முகம் அசையக்கூடாது. மாஸ்க் செய்த அன்று அப்பாவின் எடை 58 கிலோ. "அஞ்சு கிலோவுக்கு மேல குறைஞ்சா மாஸ்க் லூசாயிரும். புதுசா செஞ்சு மறுபடி அளவெடுக்கணும். பத்து நாள் நின்னுபோயிரும். நடுவுல நிக்கவே கூடாது" என்றாராம் டாக்டர்.

அதனால் 53. அதற்குக் கீழே போகக்கூடாது.

ஜனவரி 19, திங்கள்

வாயெல்லாம் புண்ணாகும், மெல்ல முடியாது, காரமும் புளியும் ஆகாது, ஓட்ஸ் கஞ்சி நல்லது என்று டயட்டீஷியன் மேடம் சொல்லியிருக்கிறார். விடுதி அறையில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் மட்டும்தான் இருக்கிறது. அடுப்பு கிடையாது. வெந்நீர் ஊற்றினால் உடனே ஆகிற ஓட்ஸ் கடையில் இருக்கிறது. பெட்டிக்கு ஏழு பாக்கெட். ஒரு நாளைக்கு நாலு வேளை என்றால் இரண்டு நாளுக்குக்கூட வராது. பெட்டியின் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று போட்டிருந்ததைக் கடையிலேயே நின்று படித்தேன். ஓட்ஸ், சர்க்கரை, பால் பவுடர், உப்பு, வாசனை. எல்லாம் நம் வீட்டில் செய்யக்கூடியதே.

பஜார் மொத்தக் கடையில் பாக்கெட் போடாத ஓட்ஸ் ஒரு கிலோ வாங்கினேன். அந்த ஒரு பெட்டியின் விலையைவிடக் குறைவு.

ஜனவரி 20, செவ்வாய்

முதல் முயற்சி தோல்வி. ஓட்ஸை வாணலியில் சிறு தீயில், நிறம் மாறாமல், கையில் எடுத்தால் நொறுங்குகிற பதத்துக்கு வறுத்தேன். அதுவரை சரி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று சூட்டோடு மிக்சியில் போட்டு அரைத்து டப்பாவை மூடிவிட்டேன். சாயங்காலம் திறந்தால் உள்ளே வியர்த்து, கட்டி கட்டியாக நின்றது.

சித்தி ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டாள். "ஏட்டி கோமு, இது கஞ்சிக்கா, இல்ல செவத்துல ஓட்ட அடைக்கவா?"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் அதையே கரைத்துக் குடித்தோம்.

ஜனவரி 21, புதன்

இன்று சரியாக வந்தது. வறுத்த ஓட்ஸைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டேன். பொட்டுக்கடலையும் தோல் நீக்கிய நிலக்கடலையும் தனித்தனியாக அரைத்துச் சேர்த்தேன். பால் பவுடர், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். முதலில் நாட்டுச்சர்க்கரை போட நினைத்தேன். அது ஈரம் கோர்க்கும் என்று சித்தி சொன்னாள். ஒரு வேளைக்கு மூன்று மேஜைக்கரண்டி வீதம் பாலிதீன் பைகளில் போட்டு, வாயை ரம்ப பிளேடில் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டி ஒட்டினேன். ஊறுகாய் விற்பவர்கள் இப்படித்தான் ஒட்டுவார்களாம். இரண்டு பை எரிந்தன. மீதி நன்றாக ஒட்டிக்கொண்டன.

ஜனவரி 22, வியாழன்

காலை 5.50 திருநெல்வேலி வண்டியில் லூர்துசாமி மாமாதான் கண்டக்டர். அப்பாவோடு ஒரே டிப்போவில் பதினாறு வருடம். டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டால் எட்டு மணிக்கு அம்மா புது பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வாள். காலி டப்பா மறுநாள் காலை என்னிடம் வரும்.

"மருமவளே, இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமே" என்றார்.

"எங்கப்பா வந்ததும் போட்டுத் தருவாங்க மாமா."

"ஒங்கப்பனா? அவன் எங்கிட்டயே டிக்கெட் கேக்குத ஆளாச்சே" என்று சிரித்துக்கொண்டே டப்பாவைத் தன் சீட்டுக்கு அடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 23, வெள்ளி

காலி டப்பாவுக்குள் ஒரு பழைய டிக்கெட்டின் பின்புறத்தில் அப்பாவின் எழுத்து: "கஞ்சி படிக்கட்டில் நிற்காமல் உள்ளே போய்விட்டது. ஏலக்காய் மணம் பக்கத்து அறை வரை. ரைட், போகலாம்."

அந்த டிக்கெட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

எடை 57.4. நேற்று விடுமுறை என்பதால் இன்று பார்த்தார்கள். பரவாயில்லை. கணக்கு டெஸ்டில் 41.

பிப்ரவரி 2, திங்கள்

எடை 56.1. ஒரு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல். பொட்டலத்துக்கு அரைக் கரண்டி நிலக்கடலை கூட்டினேன்.

டப்பாவில் வந்த அப்பாவின் துண்டுச் சீட்டில் இன்று, "நல்லா இருந்தது" என்று மட்டும். என்ன நன்றாக இருந்தது என்று இல்லை. ஏலக்காயை மறந்துபோய்ப் போடாமல் அனுப்பியிருந்தேன். அதையும் அவர் சொல்லவில்லை.

உண்மையை எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே இதையும் எழுதுகிறேன். அப்பா போடும் பாக்குப் பொட்டலத்தை முக்குக் கடையில் வாங்கிவந்தது பெரும்பாலும் நான்தான். ஆறு வயதிலிருந்து. மீதிச் சில்லறையில் எனக்குக் கடலைமிட்டாய்.

பிப்ரவரி 6, வெள்ளி

வீடியோவில் பேசினோம். அப்பா துண்டை மூக்கு வரைக்கும் சுற்றியிருந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. "குளிருதாம்" என்றாள் அம்மா. திருநெல்வேலியில் பிப்ரவரியில் அப்படிக் குளிருமா என்று கேட்டேன். அம்மா, "ஃபேனுக்கு நேரா படுத்திருக்காவ" என்றாள். அப்பா கையை ஆட்டினார். பேசவில்லை.

வாய்ப்புண் அதிகமாகியிருக்கும்.

பிப்ரவரி 9, திங்கள்

எடை 54.6.

அம்மா போனில் சொன்னாள்: "கோமு, பொடிய இன்னும் நைசா அரைக்கணும் கேட்டியா. நெலக்கடல வேண்டாம். ஏலக்காயும் வேண்டாம். சல்லடைல சலிச்சா பத்தாது, வேட்டித் துணில சலி."

"துணியிலயா? துணியில சலிச்சா வெறும் மாவுதானம்மா வரும்."

"ஆமா, மாவாத்தான் இருக்கணும்."

"ஏன்மா?"

"தொண்டைல உறுத்துதாம்" என்றாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

துணியில் சலித்தேன். தமிழ்ப் பாடம் படித்தேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

நிலக்கடலை போனதில் சத்து குறைந்துவிட்டது. துணியில் சலித்ததில் பாதி மேலேயே நின்றுவிடுகிறது. இப்படியே போனால் திங்கள்கிழமை 53-க்குக் கீழே போய்விடும். சித்தியோடு தறியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தால் சதை போடும் என்றாராம். ஜவ்வரிசியை வறுத்து, அரைத்து, துணியில் சலித்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு கரண்டி சேர்த்தேன். டம்ளரில் கரைத்துப் பார்த்தேன். கொழகொழவென்று, கரண்டி நிற்கும் அளவுக்கு வந்தது. கெட்டியாக இருந்தால்தானே வயிற்றில் நிற்கும்?

அம்மாவிடம் சொல்லவில்லை. எடை ஏறட்டும், அப்புறம் சொல்லலாம். புதுப் பொட்டலங்கள் திங்கள்கிழமை வண்டியில் போகும்.

பிப்ரவரி 16, திங்கள்

எடை 53.5.

பிப்ரவரி 17, செவ்வாய்

நேற்று அனுப்பிய டப்பா இன்று காலை திரும்பி வந்தது. நாலு பொட்டலத்தில் மூன்று அப்படியே இருந்தன. சீட்டு இல்லை. அம்மா போனை எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆறு முறை அடித்தேன்.

பிப்ரவரி 18, புதன்

வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. லூர்துசாமி மாமாவிடம் டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் மருமவளே. முந்தாநாளு அந்த டியூப்பு அடைச்சுக்கிட்டு மனுசன் பட்ட பாடு இருக்கே! உருவிட்டு மூக்கு வழியா வேற டியூப்பு விட்டாவளாம். ரத்தமா வந்துருக்கு. நேத்து கரண்டும் வைக்கல. ஒங்கம்மா பஸ் ஸ்டாண்டுல நின்னு..."

அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். பையைத் தோளில் மாட்டப் போன கை அப்படியே நின்றது.

"ஏ தாயீ. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா" என்றேன்.

"தெரியும்லா? அப்படின்னா சரி" என்றார். ஆனால் அவர் நம்பவில்லை. விசில் கொடுக்க மறந்துவிட்டார். டிரைவர்தான் இரண்டு முறை ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அம்மாவை அழைத்தேன். இந்த முறை எடுத்தாள்.

"எப்பம்மா டியூப் போட்டாங்க?"

அவள் யார் சொன்னது என்று கேட்கவில்லை. "அஞ்சாந்தேதி. எச்சிகூட முழுங்க முடியல கோமு. ஒங்கப்பாதான் சொல்லாதன்னாவ. பிள்ள, நான் வாயால குடிக்கேன்னு நெனச்சு செஞ்சு அனுப்புது, அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்னாவ. ஒனக்குப் பரீட்ச வேற."

"முந்தாநாளு எதனாலம்மா அடைச்சுது?"

"தெரியலயே. எப்பவும் போலத்தான் கலக்குனேன். டியூப்புல ஊத்துத ஊசில எடுக்கும்போதே கெட்டியா வந்துச்சு. தண்ணி விட்டுத் தள்ளிப் பாத்தேன். பசை மாதிரி உள்ள பிடிச்சுக்கிச்சு. நர்ஸம்மா என்னயத்தான் ஏசுனாவ, என்னத்தக் கரைச்சு ஊத்துனீங்கன்னு."

ஜவ்வரிசி என்று சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அம்மா என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். "நான் சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்ட" என்றாள். பிறகு, "நீயும் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பிப்ரவரி 19, வியாழன்

முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். அதன்படி நடக்கவில்லை.

டியூப் விஷயம் நேற்று காலையில்தான் தெரிந்தது என்று இந்த நோட்டைப் படிக்கிற யாரும் நினைப்பார்கள். அது பொய். வேட்டித் துணியில் சலி என்று அம்மா சொன்ன அன்றைக்கே தெரியும். ஒரு மனிதன் வாயால் குடிக்கிற கஞ்சியைத் துணியில் சலிக்க வேண்டியதில்லை. துண்டால் மூக்கை மூடியிருந்தது ஏன் என்பதும் அப்போதே தெரிந்தது. மறுநாள் 'வேறொன்றும் எழுதுவதற்கில்லை' என்று எழுதினேன். எழுதாவிட்டால் அப்பா இன்னும் டம்ளரில்தான் குடிக்கிறார் என்று இருக்கும் என்பது போல. ஜவ்வரிசி போட்டபோதும் கை ஒரு நொடி நின்றது. டியூப்பில் போகுமா என்று நினைக்கவில்லை. நினைக்கக்கூடாது என்று வேகமாகக் கிளறினேன்.

அவர்கள் எனக்காக மறைத்தார்கள். நான் எனக்காக மறைத்தேன். நடுவில் டியூப் அடைத்துக்கொண்டது. ஒரு நாள் கரண்ட் போயிற்று.

இனிமேல் ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ளே என்ன, எத்தனை கிராம் என்று எழுதி ஒட்டுவேன். அம்மா அங்கே என்ன நடக்கிறதோ அதை அப்படியே சொல்ல வேண்டும். போனில் இதை ஒப்பந்தமாகப் பேசிக்கொண்டோம். "சரிங்க மேடம்" என்றாள். பத்து நாளில் முதல் முறையாக அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

சிக்கல் இதுதான். மெல்லிசாகக் கரைத்தால் டியூப்பில் போகும், ஆனால் வெறும் தண்ணீர், எடை ஏறாது. மாவைக் கூட்டினால் சத்து இருக்கும், ஆனால் ஆற ஆற இறுகி அடைக்கும். சத்தாகவும் இருக்க வேண்டும், தண்ணீராகவும் ஓட வேண்டும்.

அறிவியல் புத்தகத்தில் செரிமானப் பாடத்தை எடுத்துப் படித்தேன். எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்தை உடைத்து நீர்க்க வைக்கிறது. அப்பாவுக்குக் கரண்ட் பட்டு எச்சிலே வற்றிவிட்டது. கிளை நூலகத்தில் விதைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில், முளைவிடும் தானியத்திலும் அதே நொதி உண்டாகிறது என்று இருந்தது.

கேழ்வரகு ஊறப்போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

முளை ஓர் அரிசியின் நீளத்துக்கு வந்தது. மொட்டை மாடியில் காயவைத்தேன். காக்கை விரட்டியது சித்தி. "ஒன் படிப்புக்கு நான் காக்கா வெரட்டுதேன். பெரிய ஆளானா என்னய மறந்துராதட்டி."

பிப்ரவரி 23, திங்கள்

எடை 53.0. சரியாகக் கோட்டின் மேல்.

சாயங்காலம் முளைக்கேழ்வரகை வறுத்து அரைத்துக் கஞ்சியில் கலந்தேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். கஞ்சி அப்படியே இருந்தது. வேலை செய்யவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

வறுத்ததுதான் தப்பு. சூட்டில் நொதி செத்துப்போகும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சரியாகப் படிக்கவில்லை. வறுக்காமல், வெயிலில் காய்ந்ததை அப்படியே அரைத்துச் சலித்தேன். கொதிக்கிற கஞ்சியில் போடாமல், விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு சிறு கரண்டி கலந்தேன்.

பத்து நிமிடத்தில் கஞ்சி இளகியது. கரண்டி நின்ற கஞ்சி, டம்ளரைச் சாய்த்தால் பால் போல ஓடியது. மாவு அதே அளவுதான். ஒரு துளி தண்ணீர் கூடச் சேர்க்கவில்லை. சித்தி டம்ளரை வாங்கி இரண்டு மூன்று முறை ஆற்றிப் பார்த்தாள். "என்னட்டி மாயம் இது" என்றாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 25, புதன்

உடனே கொடுக்க வேண்டாம் என்று சொல்லி இரண்டு பொட்டலமாக அனுப்பினேன். பெரியது ஓட்ஸ், பொட்டுக்கடலை, பால் பவுடர், சர்க்கரை. சிறியது முளைக்கேழ்வரகு. முதலில் டயட்டீஷியன் மேடத்திடம் காட்டச் சொன்னேன். மேடம் தன் முன்னாலேயே கலக்கச் சொல்லி, ஊசியில் இழுத்துப் பார்த்தாராம். இளகின பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு, வடிகட்டி, ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றாராம். விடுதி வாசல் டீக்கடை அண்ணாச்சி கொதிக்கவைத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

"மேடம் என்ட்ட, இத எந்த டாக்டர் சொன்னாங்கன்னு கேட்டாவ" என்றாள் அம்மா.

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டு டாக்டர்னேன்."

பிப்ரவரி 27, வெள்ளி

மூன்று நாளாக அடைப்பு இல்லை. ஒரு நாளைக்கு ஆறு முறை கொடுக்கிறார்கள். அப்பா வாந்தி எடுத்தது ஒரே ஒரு முறை. அம்மா எல்லாவற்றையும் சொல்கிறாள். கழுத்துத் தோல் கருகி உரிவதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 2, திங்கள்

எடை 52.8.

கோட்டுக்குக் கீழே இருநூறு கிராம். மாஸ்க்கை டாக்டர் வந்து பார்த்தார். தாடைக்குப் பக்கத்தில் லேசாக இடைவெளி இருக்கிறது, இதோடு நின்றால் சமாளிக்கலாம், இன்னும் குறைந்தால் நிறுத்திவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றாராம். இன்றோடு சேர்த்து இன்னும் ஐந்து நாள் மீதி. ஒரு வேளைக்குப் பாதிக் கரண்டி பால் பவுடர் கூட்டலாமா என்று மேடத்திடம் கேட்கச் சொன்னேன். கூட்டலாம் என்றார்.

மார்ச் 4, புதன்

அடைப்பு இல்லை. வாந்தி இல்லை. கரண்ட் வைத்தார்கள்.

மார்ச் 5, வியாழன்

வைத்தார்கள். நாளை முப்பத்துமூன்றாவது. நானும் போகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

இதை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை மணி பதினொன்று.

அப்பாவைப் பார்த்தேன். துண்டு சுற்றியிருக்கவில்லை. மூக்கிலிருந்து டியூப் வந்து காதின் பின்னால் போகிறது. பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருக்கிறது. கன்னம் ஒட்டி, கழுத்து கறுத்து, சட்டைக் காலர் பெரிதாகத் தெரிகிறது. நான் அழவில்லை. பயந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மெழுகுவர்த்தி சுட்ட இரண்டு தழும்புகளைக் கட்டைவிரலால் தடவினார். குரல் காற்றாகத்தான் வந்தது. "பாக்கெட்ட கடையிலயே வாங்கியிருக்கலாம்லா" என்றார்.

"கட்டுப்படியாகாதுப்பா."

அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்புத்தான்.

பத்து மணி வேளைக்கு நானே கொடுத்தேன். அம்மா ஊசியின் குழாயை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். கஞ்சி தன் பாட்டில் இறங்கியது. எங்கேயும் நிற்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ருசி தெரியாது. சூடு மட்டும் வயிற்றில் தெரியுமாம்.

எடை பார்த்தார்கள். 52.9.

பிறகு கரண்ட் அறைக்கு வெளியே நின்றோம். கதவு ஓர் அடி கனம். டெக்னீஷியன் அண்ணன் என்னைப் பார்த்து, "நீங்கதான் கஞ்சி டாக்டரா? சத்தம் போடாம வாசல்லயே நில்லுங்க, கதவு மூடுற வரைக்கும் பாக்கலாம்" என்றார். அப்பா தானாகவே மேஜையில் ஏறிப் படுத்தார். அலமாரியிலிருந்து மாஸ்க்கை எடுத்துவந்தார்கள். அதன்மேல் பிளாஸ்டரில் அப்பா பெயர் எழுதியிருந்தது. அது பழைய அப்பாவின் முகம். கன்னம் நிறைந்த முகம். அதை அவர்மேல் வைத்து அழுத்தி, தலையின் இருபுறமும் பூட்டினார்கள். அண்ணன் தாடைக்குக் கீழே விரலை நுழைத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"நுனி விரல்தான் போவுது. அசையல. இருக்கட்டும்" என்றார்.

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். இதற்குப் பிறகு ஆறு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் நோய் போயிற்றா என்று தெரியும். அதைப் பற்றி எனக்கு இப்போது எதுவும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். தெரிந்தது இவ்வளவுதான்: மாஸ்க் பொருந்தியது. அப்பாவின் வலது கை, வண்டியைக் கிளப்பச் சொல்லித் தட்டுவது போல, மேஜை ஓரத்தில் இரண்டு முறை தட்டியது. மேலே இருந்து வரும் சிவப்புக் கோடுகள் குறியில் சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பதற்காக, அறையின் விளக்குகளை அணைத்தார்கள்.